தழும்பு எந்தப் பக்கம்?

"இத ஒரு ஜெராக்ஸ் போட்டுக் குடும்மா."

அந்த அம்மாள் என் கடை மேசைமேல் வைத்தது காகிதமே இல்லை. நாலாக மடித்த துணி. துணிக்குள் பால் கவர். கவருக்குள் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசாக, சதுரமாக ஒரு பிலிம். பழைய நெகட்டிவ். அடுப்புப் புகையும் புளியும் கலந்த ஒரு வாசம் அடித்தது.

வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். வெள்ளை முடி, கறுப்பு முகம், கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு. ஒரு புருவத்துக்கு மேலே கோடு மாதிரி ஏதோ.

"யாருக்கா இது?"

"எங்க வூட்டுக்காரரு."

"இது நெகட்டிவ்க்கா. ஜெராக்ஸ் போட்டா கறுப்பாத்தான் வரும்."

"அவரு கறுப்புதாம்மா. பரவால்ல, போடு."

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். போட்டுக் கொடுத்தேன். வெள்ளைத் தாளின் நடுவே ஒரு கறுப்புச் சதுரம். அதை வாங்கி அவர் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். ஒருவேளை அந்தப் பக்கம் வந்திருக்குமோ என்று.

இந்தத் தொடரில் இதுவரை என்னைப் பற்றி நானே பெருமையாக எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். எட்டாவதோடு நின்றவள் மிஷின் கற்றுக்கொண்டது, கள்ளக்குறிச்சி கோர்ட்டுக்கு எதிரே கடை போட்டது, ஊரே என்னை ஜெராக்ஸம்மா என்று கூப்பிட ஆரம்பித்தது எல்லாம். இந்த வாரம் எழுதப் போவதில் பெருமை ஒன்றும் கிடையாது.

சினிமாக்காரன் மாதிரி

அவர் பெயர் வெள்ளையம்மா. கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் அந்தப் பக்கம் ஊர். கணவர் போய் முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. உயிரோடு இருந்தபோது ஒரே ஒரு தடவைதான் போட்டோ எடுத்திருக்கிறார், அதுவும் பட்டா மனுவுக்காக. மூன்று காப்பி போட்டார்கள். மூன்றும் மனுவோடு போய்விட்டது. ஸ்டுடியோக்காரர் ஒரு சின்னக் காகித உறையில் நெகட்டிவைப் போட்டு, "வெச்சுக்க, வேணும்னா அப்பால வந்து போட்டுக்கலாம்" என்று கொடுத்தனுப்பினார். அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சலில் மனுஷன் போய்விட்டார். உறை கரையானுக்குப் போனது. நெகட்டிவ் மட்டும் மிஞ்சியது, அரிசிப் பானைக்கு மேலே, பரணில்.

"வருஷா வருஷம் படையல் போடுறோம். எல்லார் வூட்லயும் படம் இருக்குது. எங்க வூட்ல வெறும் செவுரு. பேரப் பசங்க செவுத்தப் பாத்துக் கும்புடுது."

இப்படி ஒரு வாக்கியத்தை யாராவது சொன்னால் நான் பில் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதி வைத்துக்கொள்வேன். அது என் வியாதி. பட்டா நகலுக்கு அலைந்து அலைந்து ஒரு பெரியவர் சொன்னது இன்னும் இருக்கிறது: "நெலம் ரெண்டு ஏக்கர்தாம்மா, பேப்பர்தான் பத்து ஏக்கருக்கு இருக்குது." வெள்ளையம்மா சொன்னதையும் அன்றைக்கு எழுதினேன்.

பக்கத்துத் தெருவில் கம்ப்யூட்டர் ஸ்டுடியோ இருக்கிறதே, அங்கே போகச் சொன்னேன். போனார். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார். கையில் கலர் போட்டோ. நெகட்டிவைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, முகத்தைச் சிவப்பாக்கி, துண்டை எடுத்துவிட்டுக் கோட்டு மாட்டி, பின்னால் ஒரு அருவியும் வைத்திருந்தார்கள்.

"யாரோ சினிமாக்காரன் மாதிரி இருக்கான். இவன வூட்ல மாட்டுனா ஊரு இன்னா சொல்லும்?"

எனக்குச் சிரிப்பு. அவருக்கு இல்லை.

"தழும்பு எங்கம்மா? இங்க ஒரு தழும்பு இருக்கும்ல. கடுக்கா பறிக்கச் சொல்லோ கொம்பு கிழிச்சது. அத அழிச்சுப்புட்டானே."

தழும்பு அசிங்கம் என்று அந்தக் கம்ப்யூட்டர் தானாகவே முடிவு செய்து வழித்துப் போட்டிருந்தது. நான் அப்போது சொன்ன வார்த்தைதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

"வுடுங்கக்கா. நானே போட்டுத் தரேன். அந்தக் காலத்துல எப்பிடிப் போட்டாங்களோ அப்பிடியே."

எப்படிப் போட்டார்கள் என்று எனக்கு அப்போது சுத்தமாகத் தெரியாது.

பம்புசெட்டு வந்த கதை

பெரிய மசூதிப் பக்கம் ஒரு பாய் முன்னே ஸ்டுடியோ வைத்திருந்தார். அவர் தவறிய பிறகு மகன் அதே இடத்தில் செல்போன் கவர் விற்கிறான். மாடியில் அந்தப் பழைய சாமான்கள் கிடக்கின்றன என்று கேள்விப்பட்டு ஏறிப் போனேன். பாயின் வீட்டுக்காரம்மா ஜைத்தூன் அக்கா கதவைத் திறந்தார்.

மூலையில், பழைய லுங்கி போர்த்தி அது நின்றது. நெட்டையாக ஒரு இரும்புத் தூண். உச்சியில் கவிழ்த்த சட்டி மாதிரி ஒரு தலை. அதற்குள் பல்பு. கீழே துருத்தி, அதன் நுனியில் லென்ஸ். தலைக்கும் துருத்திக்கும் நடுவே நெகட்டிவைச் செருக ஒரு தட்டு. பல்பைப் போட்டால் நெகட்டிவில் இருக்கும் படம் பெரிசாகிக் கீழே பலகையில் விழும். அங்கே போட்டோ பேப்பரை வைத்தால் படம். அவ்வளவுதான் என்லார்ஜர் என்பது. பிடியைச் சுற்றினால் தலை ஏறும், இறங்கும். எண்ணெய் காணாமல் கிணற்று ராட்டினம் மாதிரிக் கத்தியது.

நான் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஜைத்தூன் அக்கா சொன்னார்: "வெளிய போட்டோ புடிக்கிறது அவுரு. உள்ள இருட்டுல போடுறது பூரா நானு. ஊருக்குத் தெரியாது. கல்யாணப் பொண்ணுங்க மூஞ்சியெல்லாம் மொதல்ல என் கையிலதான் தெரியும்."

விலை படிந்தது. ஜைத்தூன் அக்கா டீ போடப் போனார்.

"குந்து தங்கச்சி. இதுல ரெண்டு மூணு சூட்சுமம் இருக்குது, சொல்லித் தரேன்."

"வேணாங்க்கா, கீழ ஆட்டோ நிக்குது. வீடியோ எல்லாம் இருக்குது, பாத்துக்குவேன்."

அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. "வீடியோல எல்லாம் வந்துருச்சா? சரி, சரி" என்றார். அந்த டீயைக் குடித்திருந்தால் இந்த அத்தியாயமே இல்லை. ஆட்டோவுக்கு வெயிட்டிங் பத்து நிமிஷம் கூட ஆகியிருக்காது.

என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். உளுந்தூர்பேட்டை ரூட்டிலேயே முக்கால்வாசி ஆயுசு. ஆட்டோவிலிருந்து இறங்கியதைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னா இது, பம்புசெட்டா?"

"போட்டோ போடுற மிஷினு."

"லக்கேஜ் டிக்கெட் போட்டியா?"

அன்றிலிருந்து அவர் வாயில் அது பம்புசெட்டுதான். "பம்புசெட்டுல தண்ணி வந்துதா?" என்று தினம் கேட்பார்.

என் கல்யாண போட்டோவில் இரண்டு கண்

இந்த இடத்தில் பழைய கதை ஒன்று. சம்பந்தம் இருக்கிறது என்று எனக்கே பிற்பாடுதான் தெரிந்தது.

எங்கள் கல்யாணம் மணலூர்பேட்டையில். தாலி கட்டும் நேரத்து போட்டோவில் நான் தலை நிமிர்ந்து நேராகப் பார்க்கிறேன். மற்ற பெண்கள் எல்லாம் தலை குனிந்திருக்கிற காலம் அது. அந்த போட்டோவைக் காட்டிக் காட்டி, "பாரு, நான் அன்னிக்கே தைரியசாலி" என்று என் மருமகள் வரைக்கும் சொல்லிவிட்டேன். அந்த நேரத்தில் எதிரே நின்ற கேமராக்காரரின் சட்டை நிறம்கூட எனக்கு ஞாபகம் இருந்தது.

ஒருநாள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கண் இரண்டும் வரைந்தது. நான் கண்ணை மூடியிருக்கிறேன், ஸ்டுடியோக்காரர் இமைமேல் மையால் கருவிழி போட்டிருக்கிறார். அப்படியானால் நான் பார்த்த சட்டை யாருடையது?

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நீ பூரா நேரமும் கண்ண மூடிக்கினுதான் இருந்த. தூங்கிட்டியோன்னு பயந்தேன்" என்றார். முப்பது வருஷம் கழித்துச் சொல்கிறார்.

சிரித்து முடித்துவிட்டோம். ஒரு போட்டோ ஒரு ஆளின் ஞாபகத்துக்குள் புகுந்து என்ன வேண்டுமானாலும் செய்யும் என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

மத்தியான இருட்டு

கடைக்குப் பின்னால் பேப்பர் கட்டு அடுக்குகிற அறை. ஜன்னலுக்குக் கறுப்புச் சார்ட்டு ஒட்டினேன். கதவிடுக்குக்குப் பழைய புடவை. மத்தியானம் கோர்ட்டு சாப்பாட்டுக்குக் கலையும் நேரத்தில் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே போவேன். வெளியே வெயில் கொளுத்தும். உள்ளே சிவப்பு ஜீரோ வாட்ஸ் பல்பு ஒன்று.

பேப்பரும் மருந்தும் சென்னையிலிருந்து கூரியரில் வந்தன. மூன்று பிளாஸ்டிக் தட்டு. முதல் தட்டில் படம் எழும்புகிற மருந்து, இரண்டாவதில் அதை நிறுத்துகிற தண்ணீர், மூன்றாவதில் படத்தை நிலைக்க வைக்கிற ஹைப்போ. நம்ம ஊர் சூட்டுக்கு மருந்து கஞ்சி மாதிரிக் கொதித்தது. மீன் கடையில் ஐஸ் கேட்டு வாங்கி வந்து தட்டுக்கு அடியில் வைத்தேன். "ஜெராக்ஸம்மா வூட்ல இன்னா, தெனமும் வஞ்சிர மீனா?" என்று மீன்காரி கேட்டாள்.

முதல் பேப்பர் முழுக்கக் கறுப்பு. இரண்டாவது முழுக்க வெள்ளை. மூன்றாவதில் ஒரு மேகம். ஒன்பதாவதா, பத்தாவதா தெரியவில்லை. மருந்துத் தட்டை ஆட்டிக்கொண்டே இருக்கிறேன், வெள்ளைப் பேப்பரில் முதலில் முடி வந்தது. பிறகு கண். பிறகு அந்தத் துண்டின் ஓரம். தண்ணீருக்கு அடியிலிருந்து ஒரு ஆள் மெல்ல எழுந்து வருவது போல. ஐஸ் தண்ணீரில் கை மரத்திருந்தது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. யாரோ ஒருவருடைய வீட்டுக்காரர், நான் பார்த்தே இராத மனுஷன்.

இப்போது அந்த ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பிலிமுக்கு இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கம் பளபளப்பு. இன்னொன்று மங்கல், அதில்தான் மருந்து பூசியிருக்கும். மங்கல் பக்கம் கீழே பார்க்க வைக்க வேண்டும் என்று வீடியோவில் சொன்னார்கள். ஏன் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. மாற்றி வைத்தாலும் படம் நன்றாகவே வரும். ஆனால் இடம் வலமாகிவிடும், வலம் இடமாகிவிடும்.

வெள்ளையம்மாவின் நெகட்டிவ் முப்பது வருஷம் புகையில் கிடந்தது, துணியில் உரசியது. இரண்டு பக்கமும் மங்கல். எண் கிண் போட்டிருக்கும் ஓரத்தையும் உறைக்குள் நுழைக்க யாரோ நறுக்கியிருந்தார்கள். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சரி, இதுவாகத்தான் இருக்கும் என்று ஒரு பக்கத்தை வைத்தேன்.

குமாஸ்தா சொன்ன தீர்ப்பு

மாசா மாசம் பேங்க் வேலையாக வெள்ளையம்மா மலையிலிருந்து இறங்கி வருவார். அன்றைக்கு வந்ததும் நெகட்டிவோடு, சட்டம் போட்டு வைத்திருந்த படத்தையும் எடுத்துக் கையில் கொடுத்தேன்.

 முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தார். அதில் தூசியே இல்லை.

"வந்துட்டாரு" என்றார்.

எனக்கு அப்படியே உடம்பு சிலிர்த்தது. கடையில் நின்ற நாலைந்து பேரும் எட்டிப் பார்த்தார்கள். வக்கீல் குமாஸ்தா ஒருவர், தினமும் கட்டுக் கட்டாக நகல் எடுக்க வருகிறவர், "அடேயப்பா, ஜெராக்ஸம்மா எமலோகத்துல இருந்தே காப்பி எடுக்குது" என்றார். சிரிப்பு.

அப்போதுதான் வெள்ளையம்மா படத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். கிட்டே கொண்டு வந்தார்.

"எம்மா, தழும்பு இந்தப் பக்கம் இல்லியே."

"இன்னாக்கா?"

"எதுக்க பாத்தா எனக்குச் சோத்துக்கைப் பக்கம் இருக்கும் அது. இதுல பீச்சாங்கைப் பக்கம் இருக்குது."

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை நாள் ஐஸில் கை மரத்துப் போட்ட படம். எல்லார் எதிரிலும்.

"அது அப்பிடித்தாங்க்கா தெரியும். கண்ணாடியில பாத்தா மாறித் தெரியுதுல்ல, போட்டோவும் அது மாதிரிதான்" என்றேன். கடையில் மாட்டியிருக்கும் கண்ணாடி முன்னால் அவரை நிறுத்தி, கன்னத்தைத் தொடச் சொல்லி, "பாருங்க, மாறுதா?" என்று கேட்டேன்.

அவர் தன்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "மாறுதா இன்னான்னு தெரியலியே."

கண்ணாடி வேறு, போட்டோ வேறு. போட்டோவில் ஆள் நம் எதிரே நிற்கிற மாதிரியேதான் தெரிவார். இது எனக்கு அன்றைக்குத் தெரியாது என்று எழுதினால் பொய். ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். யோசிக்க மனசில்லை.

"அந்தக் காயத்துக்கு மஞ்ச வெச்ச கையும்மா இது. எனக்குத் தெரியாதா?" என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது.

குமாஸ்தா குறுக்கே வந்தார். "யம்மா, கோர்ட்டுல போய் நின்னாலும் போட்டோவத்தான் சாட்சியா எடுத்துக்குவாங்க. ஞாபகத்த எடுத்துக்க மாட்டாங்க. முப்பது வருஷம் ஆச்சுல்ல, உனக்கு மாறிப் போயிருக்கும்."

"ஆமாங்க்கா" என்றேன் நான். "வயசாகுதுல்ல. போட்டோ இன்னா பொய்யா சொல்லும்?"

வரிசையில் நின்றவர்களும் நானும் ஒருத்தர் பாக்கியில்லாமல் தலையாட்டினோம். அவர் ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்தார். எல்லோரும் படித்தவர்கள், கையில் தாள் வைத்திருக்கிறவர்கள்.

"அப்ப எனக்குத்தான் மாறிப் போச்சு போல" என்றார். படத்தைத் துணியில் சுற்றினார். ஒரு பையில் கொண்டு வந்திருந்த புளியை என் மேசைமேல் வைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

அந்தப் புளியில் பல நாள் குழம்பு வைத்தேன். நல்ல புளி.

உதட்டில் ஒட்டும் பக்கம்

ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. நாலு பேர் கேள்விப்பட்டு வந்து கேட்டார்கள், போட்டுக் கொடுத்தேன். அவர்களுடைய நெகட்டிவ் எல்லாம் பளபளப்பு மாறாமல் இருந்ததால் தப்பு நடக்கவில்லை. ஒருநாள் மிஷினின் பல்பு போய்விட்டது. அந்த மாதிரி பல்பு கடையில் கிடைக்கவில்லை. ஜைத்தூன் அக்கா வீட்டில் ஒன்றிரண்டு கிடக்கும் என்று போனேன்.

இந்தத் தடவை டீ குடித்தேன். பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்: "ஏங்க்கா, பிலிமு ரெண்டு பக்கமும் மங்கிப் போயிருந்தா நீங்க எப்பிடிக் கண்டுபுடிப்பீங்க?"

"இருட்டுல கண்ணு எதுக்கு? ஒதட்ட லேசா ஈரம் பண்ணிக்கினு ஓரத்துல வெச்சுப் பாப்பேன். ஒட்டுனா மருந்து பக்கம். ஒட்டாட்டி வெறும் பக்கம். அதத்தான் அன்னிக்குச் சொல்ல வந்தேன், நீ ஆட்டோ நிக்குதுன்னு ஓடிட்ட."

"மாத்தி வெச்சுட்டா?"

"மாத்தி வெச்சா? ஒருவாட்டி நான் வெச்சுட்டேனே. மாப்பிள்ளைக்கு மச்சம் அந்தப் பக்கம் போயிருச்சு. மாமியாக்காரி வந்து வாசல்ல நின்னு, எம்புள்ளய எங்கடி ஒளிச்சு வெச்சிருக்கன்னு சத்தம் போட்டா." சிரித்தார். "ஒரே நிமிசத்துல மன்னிப்புக் கேட்டுட்டேன். பெத்தவளுக்குத் தெரியாதா?"

டீ டம்ளர் கையில் சுட்டது. கீழே வைக்கத் தோன்றவில்லை.

மலைமேல்

அடுத்த நாள் காலை பஸ் ஏறினேன். என் வீட்டுக்காரரும் கூட வருகிறேன் என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். கச்சிராயபாளையம் தாண்டி வளைவுகளில் ஏறும்போது காது அடைத்தது. மனசுக்குள் மன்னிப்பு வசனத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். எந்தப் பக்கம் வைத்தேன் என்று இன்னும் நிச்சயமில்லை, ஒருவேளை சரியாகவே வைத்திருக்கலாம் என்றும் ஒரு பக்கம் ஆசை.

வெள்ளையம்மாவுக்கு என்னைப் பார்த்து ஒரே சந்தோஷம். "ஜெராக்ஸம்மா வந்துக்கினு இருக்காங்க, தண்ணி கொண்டாடி" என்று மருமகளுக்குச் சத்தம் கொடுத்தார். உள்ளே சுவரில் படம். பிளாஸ்டிக் மாலை, குங்குமம். தழும்பு, பார்க்கிறவர்களுக்கு இடது கைப் பக்கம். பேரப் பிள்ளைகள் இப்போது சுவரைப் பார்த்துக் கும்பிடுவதில்லை என்று சிரித்தார்.

நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று ஞாபகமில்லை, ஒத்திகை பார்த்த வசனம் ஒன்றும் வரவில்லை. நெகட்டிவை எடுத்து வரச் சொன்னேன். அதே துணி, அதே பால் கவர். ஓரத்தை உதட்டில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லி வாய்க்குக் கிட்டே கொண்டு போனேன். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

"எங்க வூட்டுக்காரர நீ இன்னாத்துக்கு வாயில வெச்சிக்கிற? குடு இங்க."

மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன், அழுகையோடு சேர்ந்து வந்தது.

வெள்ளையம்மா உதட்டை நனைத்துக்கொண்டு பிலிமின் ஓரத்தை வைத்தார். ஒட்டவில்லை. திருப்பி வைத்தார். எடுக்கும்போது உதடு கொஞ்சம் கூடவே இழுபட்டு வந்தது.

"இது ஒட்டுது."

ஒட்டின பக்கம் வாசலைப் பார்க்க, ஒட்டாத பக்கம் எங்களைப் பார்க்கப் பிடித்துக் காட்டினேன். அப்படிப் பார்த்தால்தான் ஆள் நேரில் இருந்த மாதிரி. வெயில் பிலிமுக்குள் நுழைந்தது. தழும்பு, வெள்ளையம்மாவுக்குச் சோத்துக்கைப் பக்கம்.

"அப்ப நான் சொன்னது சரி."

"ஆமாங்க்கா. நீங்க சொன்னதுதான் சரி. நான்தான் மாத்தி வெச்சுட்டேன். தெரியாமயும் பேசிட்டேன்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"வுடுங்கத்தே" என்றாள் மருமகள். "இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, மாமாதான?"

வெள்ளையம்மா அவளைப் பார்க்கவில்லை. பிலிமை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகப் பேச ஆரம்பித்தார்.

"கொம்பு கிழிச்ச அன்னிக்கு அவரப் படுக்க வெச்சு மஞ்ச அரைச்சு வெச்சேன். விடியற வரைக்கும் பக்கத்துலயே குந்திக்கினு இருந்தேன். செவுத்துக்கும் அவருக்கும் நடுவுல. முதுகுல செவுரு சில்லுனு இருக்கும். அந்தப் பக்கம் குந்துனாத்தான் காயத்துக்குக் கை எட்டும். முப்பது வருசம் அப்பிடித்தான் நெனச்சுக்கினு இருந்தேன். அது ஒண்ணுதான் எனக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு."

பிலிமின் ஓரத்தை விரலால் தடவினார்.

"நீ குடுத்த படத்துல தழும்பு மாறி இருந்துச்சா. அப்ப செவுத்துப் பக்கம் குந்துனா கை எட்டாதே. சரி, நான் வாசப் பக்கம்தான் குந்தி இருப்பேன், எனக்குத்தான் மாறிப் போச்சுன்னு நெனச்சு நெனச்சு என்னையே இந்தாண்ட எடுத்தாந்து வெச்சுக்கினேன். பழக்கமாயிருச்சு. வாசக் காத்து கூட முதுகுல அடிக்கும். இப்ப நெனச்சா ரெண்டு பக்கமும் குந்துன மாதிரி இருக்குது."

வாசலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சுவரை.

"அக்கா, நாளைக்கே வேற போட்டுடறேன். சரியான பக்கத்துல. நானே கொண்டாந்து மாட்டிட்டுப் போறேன்."

"போட்டுக் குடு" என்றார். "ஆனா அன்னிக்கு நான் எங்க குந்திக்கினு இருந்தேன்னு அதுல வருமாம்மா?"

கோபத்தில் கேட்கவில்லை. என் கடைக்கு வந்து ஒரு தாளை நீட்டி, இது ஆகுமா ஆகாதா என்று கேட்பார்களே, அப்படித்தான் கேட்டார். தெரிந்தவள் சொல்லட்டும் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார்.